கலைக்காமல் வைத்த அச்சு: இணையத் தேக்கத்தின் வரலாறு

அமிர்தகழியில் பிறந்தவர்களுக்கு ஆண்டு என்பது ஓர் ஆடி அமாவாசையிலிருந்து மறு ஆடி அமாவாசை வரைக்கும்தான். அன்று மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் குளத்தில் நீராடி, தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்வர். மற்ற நாட்களில் படிக்கட்டில் நாலு பேர் இருந்தால் அதிகம். தீர்த்தத்தன்று கால் வைக்க இடம் இராது. குளம் ஆண்டு முழுவதும் அதே குளந்தான். ஆனாலும், ஊர் அதைப் பற்றிப் பேசுவது அந்த ஒரு நாளை வைத்துத்தான்.

திருவிழாக் காலம் நெருங்கும்போது எங்கள் பகுதிக் கோயில்கள் விஞ்ஞாபனம் அச்சிடும். எண்பதுகளின் நடுப்பகுதியில், பாடசாலை விடுமுறைகளில், மட்டக்களப்பு நகரின் சிறிய அச்சகம் ஒன்றுக்கு ஒப்புநோக்கும் வேலைக்குப் போய்வந்தேன். அங்கிருந்த அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். அச்சிட்டு முடிந்ததும் கலைத்து, உரிய அறைகளில் போட்டுவிடுவார். விஞ்ஞாபனத்தை மட்டும் கலைக்க மாட்டார். நூலால் இறுகக் கட்டி, தட்டொன்றில் ஏற்றி மேலே வைத்துவிடுவார். மறு ஆண்டு அதை இறக்கித் திகதியையும் உபயகாரர் பெயர்களையும் மாற்றினால் போதும். ஒரு நாள் வேலை அரை மணியில் முடியும். ஒருமுறை திகதியை மாற்றியவர் கிழமையை மாற்ற மறந்துவிட்டார். மை காயாத தாளோடு வண்ணக்கர் ஒருவர் அச்சக வாசலில் வந்து நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இணைய உலகில் 'கேஷ்' என்று சொல்வது இதைத்தான்: ஒருமுறை கோத்ததைக் கலைக்காமல் வைத்திருந்து, கேட்பவர்க்கெல்லாம் அதிலிருந்தே எடுத்துக் கொடுப்பது. தமிழில் இதற்குச் சொற்கள் பல உண்டு. நான் 'தேக்கம்' என்றே எழுதுகிறேன். வாவிக்கரையில் பிறந்தவனுக்கு அதுவே இயல்பாக வருகிறது.

இதை எழுதத் தூண்டியது, வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கமொன்றின் இணையத்தளத்தை நடத்தும் இளைஞர் ஒருவரின் கேள்வி. "அண்ணன், தேக்கச் செருகி போட்டிருக்கிறம். வேலை செய்யுது எண்டு காட்டுது. ஆனா கூட்டம் வந்தா தளம் விழுந்து போகுது. ஏன்?" எனக்கும் இதே துன்பம் 2019-இல் நேர்ந்தது. கலைப்பட்டதாரியான பத்திரிகைக்காரனுக்குக் கணினி நுட்பம் எட்டாக்கனி என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால், அந்தக் கேள்வியின் விடை நுட்பத்தில் பாதியும் வரலாற்றில் மீதியுமாக இருந்தது. வரலாறு நமக்குப் பழகிய நிலம். ஆகவே, அந்த வழியாகவே போவோம்.

கோப்பாக இருந்த பக்கம்

சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ வையவிரிவு வலையை 1989-இல் முன்மொழிந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இயங்கவைத்தபோது, இணையப் பக்கம் என்பது ஒரு கோப்பு மட்டுமே. வாசகரின் உலாவி ஒரு பெயரைச் சொல்லிக் கேட்கும். வழங்கி அந்தப் பெயருடைய கோப்பை வட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அச்சடித்து அடுக்கி வைத்த பத்திரிகையைக் கடைக்காரர் எடுத்துத் தருவதைப் போன்றது அது. நூறு பேர் கேட்டாலும் கடைக்காரருக்கு எழுதவோ கோக்கவோ எதுவும் இல்லை.

அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட வழங்கி மென்பொருள், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் றொப் மக்கூல் எழுதியது. 1994-இல் அவர் அங்கிருந்து விலகியபின் அதன் வளர்ச்சி நின்றது. அதைப் பயன்படுத்தியவர்கள் தங்களுக்குள் திருத்தங்களைப் பரிமாறிக்கொண்டனர். அந்தத் திருத்தங்களின் தொகுப்பாக 1995-இல் பிறந்தது அப்பாச்சி. ஓராண்டுக்குள், 1996-இல், உலகில் அதிகம் பயன்படும் வழங்கி ஆகிவிட்டது. பின்னர் நெடுங்காலம் அந்த இடம் அதனிடமே இருந்தது.

அப்பாச்சியில் ஒரு சிறு கோப்பு உண்டு. புள்ளியில் தொடங்கும் பெயர் அதற்கு: எச்.டி.அக்செஸ். என்.சி.எஸ்.ஏ. காலத்திலிருந்தே வந்த முதுசொம் இது. ஒரு கணினியை நூற்றுக்கணக்கானோர் பங்குபோட்டு வாடகைக்கு எடுக்கும்போது, வழங்கியின் தலைமை அமைப்புக் கோப்பில் கைவைக்க எவருக்கும் அனுமதி இராது. ஆனால், தத்தம் கோப்புறைக்குள் இந்தச் சிறு கோப்பை வைத்து விதிகளை எழுதிக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைக் கேளாமல் தம் அறைவாசலில் ஒட்டும் அறிவித்தல் போன்றது. அப்பாச்சி ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் வாசல் வாசலாக நின்று, அறிவித்தல் ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டே உள்ளே போகும்.

ஜெர்மனியரான றால்ஃப் எங்கல்ஷால் 1996-இல் எழுதிய 'மொட்-ரீரைட்' என்ற கூறு, இந்த அறிவித்தலின் வலுவைப் பன்மடங்காக்கியது. கேட்கப்பட்ட முகவரியை வேறொரு முகவரியாக மாற்ற அதனால் முடிந்தது. 'இதைக் கேட்டால் அதைக் கொடு' என்று வாடகைக்காரரே உத்தரவிடலாம். இந்த வசதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

ஒவ்வொரு முறையும் கோக்கும் பக்கம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பி.எச்.பி. மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் வந்தன. பக்கம் இனிக் கோப்பாக இருக்கத் தேவையில்லை. வாசகர் கேட்கும் அந்தக் கணத்தில் தரவுத்தளத்திலிருந்து தலைப்பையும் உடலையும் கருத்துரைகளையும் பொறுக்கியெடுத்துப் புதிதாகக் கோத்துக் கொடுக்கலாம்.

வலைப்பதிவுகள் பரவிய காலத்தில் இந்த இரு வழிகளும் நேருக்கு நேர் நின்றன. பென் ட்ரொட், மீனா ட்ரொட் தம்பதியர் 2001-இல் வெளியிட்ட 'மூவபிள் டைப்' பழைய வழியைப் பின்பற்றியது. பதிவர் வெளியிடு என்று சொன்னதும் அது பக்கங்களைக் கோப்புகளாக எழுதி வைத்துவிடும். தளம் பெரிதானால் ஒரு திருத்தத்துக்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். 2003 மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் மறுவழியைத் தேர்ந்தது. எழுதியது உடனே வெளிவரும், காத்திருப்பு இல்லை. 2004-இல் மூவபிள் டைப்பின் உரிமக் கட்டுப்பாடுகள் மாறியபோது பலர் வேர்ட்பிரஸுக்குக் குடிபெயர்ந்தனர்.

இங்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூவபிள் டைப்பில் உழைப்பு எழுதுபவர் பக்கம், ஒருமுறை மட்டுமே. வேர்ட்பிரஸில் உழைப்பு வாசிக்கும் பக்கம். வாசகர் தோறும் ஒருமுறை. பத்து வாசகர் வரும் தளத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. பத்தாயிரம் பேர் ஒரே மணியில் வந்தால் தெரியும். வேடிக்கை என்னவென்றால், தனித்தனி ஈய எழுத்தின் பெயரைத் தாங்கிய மூவபிள் டைப் கோத்ததைக் கலைக்காமல் வைத்திருந்தது. அச்சுச் சொற்களின் பெயரைத் தாங்கிய வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தைக் கோத்துக் கலைத்தது.

கூட்டம் வந்த நாட்கள்

கூட்டத்தின் வலிமையை உலகம் 2001 செப்ரெம்பர் 11 அன்று கண்டது. பெரும் செய்தித் தளங்கள் திணறின. சி.என்.என். தன் முகப்புப் பக்கத்திலிருந்த அலங்காரங்களைக் களைந்து, சில வரிகளும் படமுமாகச் சுருக்கிக்கொண்டது. கூகிள் தான் தேக்கி வைத்திருந்த செய்திப் பக்கங்களின் பிரதிகளுக்குத் தன் முகப்பிலிருந்தே வழிகாட்டியது. செய்தியின் தேவை உச்சத்தில் இருக்கும் நேரமே அதை வழங்கும் தளம் விழும் நேரம் என்ற கசப்பான விதி அன்று புலப்பட்டது.

எங்கள் கரைக்கு அந்த நாள் 2004 டிசெம்பர் 26. காலை ஒன்பது மணியளவில் கடல் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலமாகக் கிடந்த நாவலடி அழிந்தது. திருச்செந்தூரும் டச்பாரும் புதுமுகத்துவாரமும் சிதைந்தன. தொலைபேசிகள் ஓய்ந்த அந்நாட்களில் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருந்த உறவுகள் இணையத்தைத் திறந்து பெயர்களைத் தேடின. மும்பையைச் சேர்ந்த வலைப்பதிவர்கள் அன்றே தொடங்கிய சுனாமி உதவி வலைப்பதிவு உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அது பிளாக்ஸ்பாட்டில் இருந்தது. அன்றைய பிளாக்கர், பதிவை வெளியிடும்போதே பக்கத்தைக் கோப்பாக எழுதி வைக்கும் முறையில் இயங்கியது. பழைய வழியின் பலம் அது.

தமிழில் அறிவைச் சேர்த்து வைக்கும் முயற்சிகள் தளிர்த்ததும் அதே காலந்தான். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கும் 'நூலகம்' 2005 ஜனவரியில் தொடங்கியது. இரண்டும் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் இயங்குபவை. பக்கத்தைத் தரவுத்தளத்திலிருந்து கோக்கும் மென்பொருள் அது. விக்கிமீடியா நிறுவனம் 2004 முதலே வழங்கிக்கு முன்னால் 'ஸ்குவிட்' என்ற தேக்க மென்பொருளை நிறுத்தியது. வெறுமனே வாசிக்க வருபவருக்குத் தேக்கத்திலிருந்து. புகுபதிகை செய்து திருத்த வருபவருக்குப் புதிதாகக் கோத்து. இந்தப் பாகுபாட்டையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

செருகிகள் பிறந்த விதம்

ஸ்குவிட்டை நிறுத்துவதற்கு ஒரு கணினி முழுவதும் நம் கையில் இருக்க வேண்டும். மாதம் சில நூறு ரூபாய்க்குப் பங்கு வாடகையில் இருக்கும் பதிவருக்கு அது ஆகாது. அவருக்காகவே தேக்கச் செருகிகள் வந்தன. ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த றிக்கார்டோ கல்லி எழுதிய 'டபிள்யூபி-கேஷ்' அவற்றுள் முன்னோடி. கோத்த பக்கத்தை அது வட்டில் சேமித்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்கும்போது தரவுத்தளத்தைத் தொடாமல் சேமித்ததையே கொடுக்கும். ஆனால், எடுத்துக் கொடுக்கும் கை பி.எச்.பி.யின் கையாகவே இருந்தது. அச்சுக்கோப்பாளர் கோக்கவேண்டியதில்லை, எனினும் அவர் எழுந்து வந்து தட்டை இறக்கிக் கொடுக்க வேண்டும்.

அயர்லாந்துக்காரரான டொனகா ஓ கீவ் 2007-இல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். அவருடைய 'டபிள்யூபி சூப்பர் கேஷ்' பக்கத்தை அப்பட்டமான எச்.டி.எம்.எல். கோப்பாக எழுதி, தளத்தின் கோப்புறைக்குள் அடுக்கியது. பின்னர் நாம் மேலே பார்த்த வாசல் அறிவித்தலில், அதாவது எச்.டி.அக்செஸ் கோப்பில், சில விதிகளைத் தானே எழுதிக்கொண்டது. அவ்விதிகளின் சாரம் இது: வந்தவர் படிவம் எதையும் அனுப்பாமல் வெறுமனே வாசிக்க வந்தவரா? முகவரியின் வாலில் கேள்விக்குறியும் மேலதிகக் குறிப்பும் இல்லையா? புகுபதிகை செய்தவர் என்றோ கருத்துரை எழுதியவர் என்றோ அவருடைய உலாவியில் அடையாளம் இல்லையா? அவர் கேட்கும் பக்கம் கோப்பாக இருக்கிறதா? நான்கும் சரியென்றால் கோப்பை அப்பாச்சியே நேரே கொடுத்துவிடட்டும், பி.எச்.பி.யை எழுப்பவே வேண்டாம்.

அச்சுக்கோப்பாளர் வீட்டில் உறங்கலாம்; அச்சு தானே ஓடும். பிறெடறிக் ரௌண்ஸ் 2009-இல் வெளியிட்ட 'டபிள்யூ3 ரோட்டல் கேஷ்' போன்ற பின்வந்த செருகிகளும் இதே உத்தியைக் கையாண்டன. இப்படி, பழைய வழி புதிய வழிக்குள்ளேயே மறுபிறவி எடுத்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு மௌன ஒப்பந்தம் இருந்தது. செருகி அறிவித்தலை எழுதும். வழங்கி அதை வாசிக்கும். எல்லாரும் அப்பாச்சியில் இருந்தபடியால் இதை எவரும் எழுதி வைக்கவில்லை. நெடுங்காலம் நிலைத்த வழக்கம் இயற்கையைப் போலத் தோன்றிவிடும்.

அறிவித்தலை வாசிக்காத வழங்கிகள்

அப்பாச்சியின் பழைய ஏற்பாட்டில் ஒரு வாசகருக்கு ஒரு பணியாளர் ஒதுக்கப்படுவார். பி.எச்.பி.யின் சுமையையும் ஒவ்வொரு பணியாளரும் சுமந்தே திரிவார். படம் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கவும் அந்தச் சுமையோடுதான் நடப்பார். சிறிய கணினியில் சில டசின் பணியாளர்களோடு நினைவகம் தீர்ந்துவிடும். 1999-இல் டான் கெகல் என்பவர், ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்குப் பரிமாறுவது எப்படி என்ற கேள்வியை முன்வைத்தார். 'சி10கே' என்று பெயர்பெற்ற அந்தக் கேள்விக்கு விடையாகச் சில புதிய வழங்கிகள் எழுந்தன.

ஜெர்மனியரான யான் நெஷ்கே 2003-இல் 'லைற்றிபிடி'யை வெளியிட்டார். ரஷ்யாவின் றம்ப்ளர் தளத்தில் பணியாற்றிய ஈகர் சிசோயெவ் 2004 ஒக்ரோபரில் 'என்ஜின்-எக்ஸ்' வழங்கியை வெளியிட்டார். இவற்றில் ஒரு பணியாளரே ஆயிரக்கணக்கானோரைக் கவனிப்பார். ஒருவருக்கு ஓலை எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவருடைய வேண்டுகோளையும் செவிமடுக்கும் பழைய நாளைய அட்டாவதானியைப் போல. பி.எச்.பி. வேலையை அவர் செய்வதில்லை. தேவைப்பட்டால் பின்னறையில் இருக்கும் வேறொரு குழுவிடம் ஒப்படைத்துவிடுவார்.

வேகத்துக்காகப் பிறந்த என்ஜின்-எக்ஸ், வாசல்தோறும் நின்று அறிவித்தல் வாசிக்கும் வழக்கத்தை ஏற்கவில்லை. விதிகள் எல்லாம் தலைமை அமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். தொடங்கும்போது ஒருமுறை வாசித்தால் போதும் என்பது அதன் கொள்கை. கொள்கையில் பிழை இல்லை. ஆனால், அப்பாச்சிக்காக எழுதப்பட்ட ஆயிரமாயிரம் அறிவித்தல்கள் அந்தக் கணத்தில் வெறும் தாள்களாயின.

'லைற்ஸ்பீட்' வழங்கியை 2003 முதல் வெளியிட்டவர்கள் வேறு வழி கண்டனர். உள்ளே புதிய இயந்திரம். வெளியே அப்பாச்சியின் மொழி. எச்.டி.அக்செஸ் கோப்பை அது அப்படியே வாசிக்கும். வேர்ட்பிரஸின் மூல நிரலில்கூட, வழங்கியின் பெயர் அப்பாச்சியா என்று பார்க்கும் இடத்தில் லைற்ஸ்பீட்டும் அப்பாச்சியாகவே கணக்கிடப்படுகிறது. இதன் கட்டணமில்லாத வடிவமான 'ஓப்பன்லைற்ஸ்பீட்' 2013-இல் வந்தது. அதுவும் முகவரி மாற்று விதிகளை வாசிக்கும். ஆனால், விதி மாறும்போதெல்லாம் வழங்கியை மறுபடி தொடக்கிவிட வேண்டும். இதை அறியாமல், எழுதிய விதி பலிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர்.

என் தளத்துக்கு நேர்ந்தது

என்னிடம் ஒரு சிறு தளம் இருக்கிறது. எங்கள் பகுதியைப் பற்றிய பழைய கட்டுரைகளும், 2004-இல் கடல் கொண்டவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் அதில் உண்டு. நினைவுத்தூபிகளிலிருந்தும் மரண அறிவித்தல்களிலிருந்தும் உறவினர் வாய்மொழியிலிருந்தும் பல ஆண்டுகளாகச் சேர்த்த பட்டியல். 2017-இல் பங்கு வாடகையை விட்டுத் தனிச் சிறு வாடகைக் கணினி ஒன்றுக்கு அதை மாற்றினேன். அதில் என்ஜின்-எக்ஸ் இருந்தது. செருகியும் கூடவே குடிவந்தது. அதன் திரையில் 'இயங்குகிறது' என்ற பச்சை அடையாளம். பக்கத்தின் மூல நிரலின் அடியில், தேக்கப்பட்ட பக்கம் என்ற அதன் கையொப்பம். இதற்குமேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

2019 டிசெம்பர் 26, பதினைந்தாவது ஆண்டு நினைவு நாள். யாரோ ஒருவர் பட்டியலின் முகவரியை முகநூலில் பகிர்ந்திருந்தார். இங்கே காலை ஒன்பது மணி. கனடாவில் முதல்நாள் இரவு பத்தரை. கடல் வந்த அந்த நேரத்துக்கு விளக்கேற்ற இருந்தவர்கள் பக்கத்தைத் திறந்தனர். தளம் விழுந்தது. '502' என்ற பிழை எண் மட்டும் தெரிந்தது. நண்பகல் கழிந்துதான் மீட்க முடிந்தது. மறுநாள் ஒரு பெண்ணிடமிருந்து இரண்டு வரி வந்தது: "விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திறந்து பார்த்தன். அப்பாட பேர் வரல்ல." முப்பது ஆண்டுக்குக் கிட்டிய பத்திரிகை வாழ்வில் எனக்கு வந்த கண்டனங்களில் இதைவிடக் கடுமையானது இல்லை.

என்ன நடந்தது? செருகி கோப்புகளை ஒழுங்காக எழுதி அடுக்கியிருந்தது. வாசல் அறிவித்தலையும் எழுதியிருந்தது. அதை வாசிக்கத்தான் எவரும் இல்லை. வாசிக்க ஆளில்லாதபோது செருகி பழைய டபிள்யூபி-கேஷ் வழிக்கு இறங்கிவிடும்; பி.எச்.பி. எழுந்து வந்து கோப்பை எடுத்துக் கொடுக்கும். சாதாரண நாளில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பின்னறையில் இருந்ததோ ஐந்தே பணியாளர்.

இரண்டாவது வினையும் சேர்ந்துகொண்டது. 2018 முதல் முகநூல், தன்னிடமிருந்து வெளியேறும் ஒவ்வொரு இணைப்பின் வாலிலும் ஒரு கேள்விக்குறியையும் நீண்ட அடையாள எண்ணையும் ஒட்டத் தொடங்கியது. ஆளுக்கொரு எண். முகவரியின் வாலில் எதுவும் இருக்கக்கூடாது என்பது தேக்கத்தின் விதிகளில் ஒன்று அல்லவா? ஆகவே, முகநூல் வழியாக வந்த ஒவ்வொருவருடைய வேண்டுகோளும் புதிய முகவரியாகத் தோன்றியது. ஒரே பட்டியலை ஐந்து பேர் ஆயிரம் முறை புதிது புதிதாகக் கோத்துக்கொண்டிருந்தனர். அறையின் மூலையில், கோத்து முடித்த அச்சு தட்டில் கிடந்தது.

திருத்திய விதம்

திருத்தம் சில வரிகள்தான். என்ஜின்-எக்ஸின் அமைப்புக் கோப்பில் ஒரு வரிசையைச் சொல்லவேண்டும்: முதலில் தேக்கக் கோப்புறையில் இந்தத் தளத்தின் பெயரில், இந்தப் பக்கத்தின் பெயரில் கோப்பு உண்டா பார்; இல்லையென்றால் அதே முகவரியில் வேறு கோப்பு உண்டா பார்; அதுவும் இல்லையென்றால் மட்டும் பி.எச்.பி.யிடம் கொடு. அதற்கு முன், படிவம் அனுப்புவோரையும் புகுபதிகை செய்தோரையும் கருத்துரை எழுதியோரையும் விலக்கும் விதிகளை எழுத வேண்டும். இவற்றை விட்டுவிட்டால், ஒருவருக்கென்று கோத்த பக்கம் மற்றவர் கைக்குப் போகும் ஆபத்து உண்டு. முகநூலின் வாலை மட்டும் பொருட்படுத்தாதே என்று ஒரு விலக்கும் சேர்த்தேன்.

அப்படியும் முதல் முயற்சி பலிக்கவில்லை. நான் பார்த்து எழுதிய விதிகள், தளங்கள் பாதுகாப்பான 'எச்.டி.டி.பி.எஸ்.' முறைக்கு மாறுவதற்கு முந்தியவை. பாதுகாப்பான வழியில் வருவோருக்கெனச் செருகி வேறு பெயரில் தனிக் கோப்பு எழுதுகிறது. விதியோ பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கோப்பு இல்லை என்று எண்ணி, வழங்கி அமைதியாகப் பி.எச்.பி.யிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. இந்தத் துறையின் பிழைகள் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாதவை.

அதனால்தான் கேட்ட இளைஞருக்கு ஒரு சோதனையைச் சொன்னேன். வாசகர் குறைந்த நேரத்தில் பி.எச்.பி.யை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். புகுபதிகை செய்யாத உலாவியில், ஏற்கெனவே தேக்கப்பட்ட பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பக்கம் வந்தால் தேக்கம் மெய்யானது. வராவிட்டால் பச்சை அடையாளத்தை நம்பவேண்டாம். அச்சுக்கோப்பாளர் வீட்டுக்குப் போனபின்னும் அச்சு ஓடுகிறதா என்பதே கேள்வி.

களஞ்சியக்காரர் ஓலைக்காரரானார்

வரலாறு இதோடு நிற்கவில்லை. வழங்கிகளே தேக்கத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. இதில் நம் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு. 'வேர்டன்ஸ் கங்' என்ற நோர்வே நாளிதழின் இணையப் பிரிவுக்காக, டென்மார்க்கின் போல்-ஹென்னிங் காம்ப் வடிவமைத்த 'வார்னிஷ்' என்ற தேக்க மென்பொருள் 2006-இல் வெளிவந்தது. ஸ்குவிட் ஓடிய பன்னிரண்டு கணினிகளின் வேலையை மூன்று கணினிகளில் அது செய்தது. என்ஜின்-எக்ஸும், பி.எச்.பி. கோத்துக் கொடுத்த பக்கத்தைத் தானே தேக்கிக்கொள்ளும் வசதியைப் பெற்றது.

இங்கே செருகியின் தொழில் மாறிவிட்டது. முன்பு அது களஞ்சியக்காரர். பக்கத்தைச் சேமித்து அடுக்கியது. இப்போது அது ஓலைக்காரர். 'இந்தப் பக்கம் மாறிவிட்டது, பழையதை எறிந்துவிடு' என்று வழங்கிக்குச் செய்தி கொண்டுபோவதே அதன் வேலை. புனேயின் ஆர்.டி.கேம்ப் நிறுவனம் வெளியிட்ட 'என்ஜின்-எக்ஸ் ஹெல்ப்பர்' அப்படிப்பட்டது. லைற்ஸ்பீட் நிறுவனத்தாரின் வேர்ட்பிரஸ் செருகியும் அவ்வாறே. பக்கத்தோடு ஒட்டி அனுப்பும் குறிப்புகளால் எதைத் தேக்குவது, எதை நீக்குவது என்று வழங்கிக்கு உணர்த்துகிறது. மௌனமாக இருந்த ஒப்பந்தம் இங்கே வெளிப்படையாகியது. அதனால்தான் ஒரு வழங்கிக்கென எழுதிய செருகியை இன்னொன்றில் வைத்தால் ஓலை போய்ச் சேராது. 2019-இல் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் தளங்களின் எண்ணிக்கையில் என்ஜின்-எக்ஸ் அப்பாச்சியை முந்திய பிறகு, ஒரே வீட்டுக்காரர் என்ற பழைய எண்ணத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

ஓலை போய்ச் சேராவிட்டால் என்னவாகும் என்பதையும் நான் பட்டே அறிந்தேன். பிற்பாடு ஓராண்டு, வழங்கியின் சொந்தத் தேக்கத்தைப் பரீட்சித்தேன். பக்கங்களை ஒரு வாரம் வைத்திருக்கும்படி சொல்லியிருந்தேன். பட்டியலில் ஒரு தந்தையின் பெயர் பிழையாக இருப்பதாக ஒருவர் எழுதினார். உடனே திருத்தி, திறந்து பார்த்து, நன்றியும் எழுதினேன். மூன்று நாள் கழித்து, ஏன் இன்னும் திருத்தவில்லை என்று மீண்டும் கேட்டார். என் திரையில் திருத்திய பெயர்; உலகத்தின் திரையில் பழைய பெயர். புகுபதிகை செய்தவருக்கு எப்போதும் புதிதாகக் கோத்த பக்கமே வரும் என்ற அந்தப் பாகுபாடு, ஆசிரியனான என்னையே ஏமாற்றிவிட்டது. தன் தளத்தைத் தானே பார்த்துத் திருப்திப்படுவோர் எல்லாருக்கும் இது பாடம்.

கணினியியலில் கடினமானவை இரண்டே. ஒன்று பெயர் சூட்டுவது, மற்றது தேக்கத்தைக் காலாவதியாக்குவது என்ற கருத்தில், நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய பில் கார்ல்டன் ஒருமுறை சொன்னதாக அத்துறையினர் கூறுவர். எங்கள் அச்சுக்கோப்பாளருக்கு இது தெரிந்தே இருந்தது. கிழமை பிழைத்த அந்த ஆண்டுக்குப் பின், கட்டி வைத்த விஞ்ஞாபனத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருப்பார். மாற்றவேண்டிய இடங்கள் எவையென்று அதில் எண்ணிட்டு எழுதியிருக்கும். தாம் இல்லாத நாளில் வேறொருவர் தட்டை இறக்கினாலும் பிழை நேரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

அதைப் பார்த்து நானும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்: எந்த வழங்கி, எந்தச் செருகி, விதிகள் எந்தக் கோப்பில், திருத்திய பின் எதை நீக்கவேண்டும், எப்படிச் சோதிக்கவேண்டும். ஊர்ச் சங்கத் தளங்களை நடத்தும் இளையோர் இப்படியொரு தாளை எழுதி வைத்தால் நல்லது. நம் தளங்கள் சிறியவை. ஆண்டின் முந்நூற்று அறுபது நாளும் குளக்கட்டில் நாலு பேர்தான் இருப்பர். அந்த நாட்களில் எல்லா வழங்கியும் நல்ல வழங்கிதான், எல்லாச் செருகியும் வேலை செய்யும். தீர்த்தத்தன்றுதான் தெரியவரும்.

2020-இலிருந்து ஒவ்வொரு டிசெம்பர் 25-ஆம் திகதி இரவும் நான் பி.எச்.பி.யை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கிறேன். பட்டியல் திறக்கிறது. பிறகுதான் உறங்கப் போகிறேன்.